ஏழு வாரமாகியும் வாக்கரோடு இருக்கும் அம்மா: மூட்டு மாற்றத்துக்குப் பிறகு கோலம், பஸ், கிரிவலம்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரமாகிறது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். கால் 85 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மாலையானால் வீக்கம், இரவில் வலி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘இனிமேல் பத்திரமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விலை குறைந்த மூட்டை வைத்ததால்தான் இப்படி ஆனதோ என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவர் பழையபடி வாசலில் கோலம் போடவும், பஸ் ஏறிக் கோயிலுக்குப் போகவும், திருவண்ணாமலை கிரிவலம் வரவும் முடியுமா?

பதில்: மூன்றும் முடியும் என்றே நினைக்கிறேன். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை, இயன்முறை மருத்துவர். ஆனால் கோலத்துக்கும் கோயிலுக்கும் முன்னால் அந்த 85 டிகிரியைப் பேசிவிட வேண்டும். மற்றவற்றுக்குப் பொறுமையாகக் காத்திருக்கலாம். இதற்கு மட்டும் கெடு உண்டு.

சமதரையில் நடக்க முழங்கால் 65 டிகிரி அளவுக்கு மடங்கினால் போதும். அதனால்தான் அம்மா வீட்டுக்குள் நடந்துவிடுகிறார். மாடிப்படி ஏற 83 டிகிரி அளவுக்கு வேண்டும். நாற்காலியில் சரியாக உட்கார்ந்து எழ 93, உட்கார்ந்தபடி குனிந்து ஷூ கயிறு கட்ட 106. ஆக, 85 டிகிரியில் நிற்கிற கால் படியேறிவிடும், நாற்காலியை விட்டு எழும்போது திணறும். உங்கள் அம்மா எழும்போது வலது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, இடது காலிலும் இரண்டு கைகளிலும் பாரத்தைப் போட்டுத்தான் எழுகிறார் என்று நினைக்கிறேன். கவனித்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை நடந்த மூட்டுக்குள் தழும்புத் திசு வளரும். முதல் சில வாரங்களில் அது இளசாக இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். மூன்று மாதம் தாண்டினால் இறுகிவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் 90 டிகிரியைத் தொடாத மூட்டுகளை, மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமல், டாக்டரே மடக்கி விடுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. உங்கள் அம்மாவுக்கும் இரண்டு மூன்று வாரம் ஒழுங்கான பயிற்சியிலேயே சரியாகிவிடலாம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். முடிவுசெய்ய வேண்டிய நேரம் இது. அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள், இந்த வாரமே போங்கள். அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அறுவை சிகிச்சைக்கு முன்னால் இந்தக் கால் எத்தனை டிகிரி மடங்கியது? மூட்டைப் பொருத்தி முடித்ததும் அறுவை சிகிச்சை மேசையிலேயே எத்தனை மடங்கியது? மேசையில் 120 மடங்கிய கால் இப்போது 85 என்றால் இடையில் இழந்ததை மீட்க வழியிருக்கிறது. முன்பே பல வருடமாக 90தான் மடங்கியது என்றால் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் யாராவது எண்ணெய் போட்டு நீவி, அழுத்தி மடக்கி விடுகிறேன் என்று வந்தால் அனுமதிக்காதீர்கள். அப்படி வலுக்கட்டாயமாக மடக்கப்பட்டு, பானை போல வீங்கிய முட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் ஏறினால் மடங்குவது இன்னும் குறையும். அந்த இழப்பைச் சரிகட்டவே பத்து நாள் போய்விடும்.

விலை பற்றிய உறுத்தலை இன்றோடு விட்டுவிடுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. பெரும்பாலானவர்களுக்கு வைக்கப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதுவரை அதே மூட்டு ஒன்றரை லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விலை குறைந்தது, உலோகம் மாறவில்லை. ‘அதிகம் மடங்கும்’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் மூட்டுகளைச் சாதாரண மூட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதற்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். அடுத்து, முதல் மூன்று மாதப் பயிற்சி.

மடங்குவதை எல்லா வீட்டிலும் அளக்கிறார்கள். நீள்வதை யாரும் பார்ப்பதில்லை. அம்மாவைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லி, குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்கால் தன் பாரத்தில் தொய்ந்து நேராக வேண்டும். துண்டை எடுத்தபின் முழங்காலின் பின்பக்கம் மெத்தையைத் தொடுகிறதா, இடையில் உங்கள் விரல்கள் தாராளமாக நுழைகின்றனவா என்று பாருங்கள். நுழைந்தால் கால் முழுதாக நீளவில்லை. நீளாத காலில் நிற்கும்போது தொடைத்தசை ஒரு நொடியும் ஓய முடியாது. சமையலறையில் பத்து நிமிடம் நின்றாலே கால் நடுங்கும், இடுப்பு வலிக்கும், மற்ற காலுக்கும் பாரம் ஏறும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். நீள்வதில் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வொரு அடியும் நொண்டல்தான்.

இதைக் கெடுப்பது முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணை. பல வீடுகளில் அறைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது அங்கேதான். வலிக்குச் சுகமாக இருக்கிறது என்று அன்போடுதான் வைக்கிறார்கள். இரவு முழுவதும் மடங்கியே கிடக்கும் மூட்டு அந்த நிலைக்கே பழகிவிடும். தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தாங்கும்படி வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைக்கலாம். துண்டை வைத்து நீட்டும் பயிற்சியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பத்துப் பத்து நிமிடம் செய்யட்டும்.

அடுத்தது தொடைத்தசை. அறுவை சிகிச்சையில் மாற்றப்படுவது எலும்பின் தேய்ந்த முனைகள். தொடை எலும்பின் முனையில் ஓர் உலோக உறை, கீழ் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக். அந்த மூட்டை ஆட்டுவிக்கும் தசை பழைய தசைதான். பல வருட வலியில் ஏற்கெனவே மெலிந்திருந்த அது, அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதத்துக்குப் பின் தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்து நிற்கும். வீங்கிய மூட்டு இருக்கும்வரை மூளையும் அந்தத் தசைக்கு முழு உத்தரவு கொடுக்காது. ‘காலைத் தூக்கு என்று நினைக்கிறேன், தூக்க வரமாட்டேன் என்கிறது’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் பயிற்சிக் கூடத்தில் எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டை அருகருகே வைத்திருக்கிறேன். வருகிறவரை ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து நிற்கச் சொல்வேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், தாம் நேராக நிற்பதாக முழுமையாக நம்பிக்கொண்டு, நல்ல காலில் நாற்பதும் புதிய மூட்டில் இருபதும் வைத்து நிற்பார். முள்ளைக் காட்டியதும் முகம் மாறும். சிறிது சிறிதாகப் பாரத்தை மாற்றி இரண்டு முள்ளும் முப்பதில் நிற்கும்போது, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் அந்த இயந்திரங்கள். வீட்டில் ஒன்றே இருந்தாலும் போதும். அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிகளின் பெயர்களை அடுக்குவதில் பயன் இல்லை, அவருடைய பயிற்சியாளர் கொடுத்திருப்பார். அவற்றில் ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், வலது பாதம் முன்னே நழுவக் கூடாது. முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலி, பிறகு ஒன்று, பிறகு வெறும் நாற்காலி. எட்டு எட்டாக மூன்று தடவை, காலையிலும் மாலையிலும். தொடைப் பலம், மடங்கும் அளவு, பாரத்தைச் சமமாகப் போடுவது எல்லாம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கின்றன. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரை மணி முன்னால் விழுங்கட்டும். மாத்திரையைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சியையும் தவிர்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

மாலை வீக்கமும் இரவு வலியும் ஏழாவது வாரத்தில் சகஜம். வீக்கம் மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை வந்து வந்து போகும். முட்டி தொட்டால் சூடாக இருக்கும், அதுவும் சில மாதம் நீடிக்கும். தையல் தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கும், அங்கே போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவது அதற்குக் காரணம். நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம். இவை எதுவும் மூட்டு கெட்டுவிட்டதற்கு அடையாளம் இல்லை.

அளவு தெரிந்துகொள்ள ஒரு தையல் டேப் போதும். காலையில் எழுந்ததும் முட்டிச் சில்லின் நடுவே சுற்றி அளந்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாலையில் ஒரு சென்டிமீட்டர் ஏறி மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் நேற்றுச் செய்த வேலை சரியான அளவு. காலையிலும் இறங்காமல் நின்றால் இன்று மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். முழுவதுமாக நிறுத்த வேண்டாம். படுக்கப்போகும் முன் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், கால் இருதய மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி வைத்து. கடினமான பயிற்சியைக் காலையிலேயே முடித்துவிட்டால் இரவு கொஞ்சம் தூக்கம் வரும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், தையலில் நீர் கசிந்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்தால், நடந்துகொண்டிருந்த கால் திடீரென்று ஊன்ற முடியாமல் போனால், அன்றே டாக்டரிடம். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனால் செயற்கை மூட்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி, உறவினர்கள் பற்றி. இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். நான் பார்த்தவரை, காரணமில்லாமல் மீளத் தாமதமானவர்களில் பலர் மிகவும் பாசமான வீடுகளில் இருந்தவர்கள். தண்ணீர் கைக்கு வருகிறது, சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது, எழுந்தால் நான்கு பேர் ஓடிவருகிறார்கள். ஒரு அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். பூக்கட்டி விற்பவர், துணைக்கு மகள் ஒருத்திதான், அவளும் காலையில் வேலைக்குப் போய்விடுவாள். தண்ணீர்க் குடம் சமையலறையில், கட்டில் முன்னறையில். தாகம் எடுத்தால் எழுந்து போயே ஆக வேண்டும். எட்டாவது வாரத்தில் கைத்தடியை மறந்து வைத்துவிட்டு என் அறையிலிருந்து வெளியே போய்விட்டார், நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவருக்கு மிக நல்ல அறுவை சிகிச்சையும் இல்லை, விலை உயர்ந்த மூட்டும் இல்லை. நாளைக்கு முப்பது நாற்பது தடவை எழுந்து உட்கார வேண்டிய வாழ்க்கை இருந்தது. உங்கள் அம்மாவின் தண்ணீர்ச் சொம்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காய் நறுக்குவதை மேசையில் உட்கார்ந்து அவரே செய்யட்டும். ‘பத்திரமாக இரு’ என்று சொல்ல வருகிறவர்களிடம், 2000 அக்டோபரில் மும்பையில் ஒரு முழங்காலையும் 2001 ஜூனில் மற்றொன்றையும் மாற்றிக்கொண்ட வாஜ்பாய், 2004 வரை பிரதமராக இருந்தார் என்று சொல்லுங்கள். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

வாக்கரை இப்போது விடலாமா என்றால், படுத்தபடி காலை முழங்கால் மடங்காமல் தூக்க முடிகிறதா, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் ஐந்து நொடி நிற்க முடிகிறதா என்று பயிற்சியாளர் முன்னிலையில் பாருங்கள். முடிந்தால் கைத்தடிக்கு மாறலாம். தடி இடது கையில் இருக்க வேண்டும். வலி உள்ள பக்கத்திலேயே பிடிக்கும் பழக்கம் தவறு. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் ரேகைக்குத் தடியின் பிடி வரவேண்டும். வாக்கரில் அதிக நாள் இருப்பவர்கள் குனிந்து, அடியைக் குறுக்கி, தரையைப் பார்த்தே நடக்கப் பழகிவிடுகிறார்கள்; பிறகு அந்த நடையை மாற்றுவது பெரும்பாடு.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை சிகிச்சை ஆன கால் முதலில். பஸ்ஸுக்கும் இதே விதிதான். மூட்டுக்குள்ளேயே உணர்கருவி பொருத்தி அளந்து பார்த்ததில், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரமும், படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கும் விழுவது தெரிந்திருக்கிறது. அதனால் இறங்குவதுதான் கடைசியாக வரும், பதற வேண்டாம். டவுன் பஸ்ஸின் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம். வீட்டில் ஒரு படியின் மேல் பலகை போட்டு அந்த உயரத்தைப் பழகிக்கொண்ட பிறகு, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆனதும், கூட்டமில்லாத பகல் நேரத்தில் நீங்கள் கூடவே ஏறிப் பாருங்கள்.

கோலத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குத்துக்காலிட்டுக் கோலம் போட 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், அதை மறந்துவிடலாம். ஆனால் நின்றபடி கால்களை அகட்டி, இடுப்பிலிருந்து குனிந்து போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் ஏறக்குறைய நேராகவே இருக்கிறது. அந்த முறைக்குப் புதிய மூட்டு தடையே இல்லை. தேவைப்படுவது இடுப்பு வளைவதும் தொடையின் பின்தசை நீள்வதும் காலில் நிலை தடுமாறாமல் இருப்பதும்தான். மூன்று மாதம் ஆனதும், நடக்கும் நிலை நன்றாக இருந்தால், முதலில் வீட்டுக்குள் உலர்ந்த தரையில், பக்கத்தில் நாற்காலி வைத்துக்கொண்டு, ஐந்து புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர வேண்டும்; தலை சுற்றினால் அன்றைக்குப் போதும். வாசலில் போடும்போது தண்ணீர் தெளித்துப் பெருக்குவது வேறு யாருடைய வேலையாகவாவது இருக்கட்டும். விடியற்கால இருட்டில் ஈரமான சிமென்ட் தரை வழுக்கும். செயற்கை மூட்டை ஒட்டி எலும்பு முறிந்தால் சிகிச்சை மிகவும் கடினம். மற்ற எதையும்விட நான் பயப்படுவது விழுவதற்குத்தான்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவது அவருக்கு வேண்டாம் என்பேன். அதற்கு மடங்கவும் வேண்டும், மூட்டு திருகவும் வேண்டும். ஆனால் தரையிலிருந்து எழும் முறையை நான்காவது மாதம் வாக்கில் அவசியம் கற்றுக்கொள்ளட்டும், என்றாவது வழுக்கி உட்கார்ந்துவிட்டால் உதவும். மெத்தை விரித்து, கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, முன்னால் உறுதியான நாற்காலியைப் பிடித்து, இடது பாதத்தை முன்னே வைத்து எழ வேண்டும். முழங்காலை ஊன்றினால் மூட்டு கெடாது. மரத்த தோல் கொஞ்சம் விநோதமாக உணரும், அவ்வளவுதான். கழிப்பறை மட்டும் மேற்கத்திய முறையிலேயே தொடரட்டும்.

மூட்டு எத்தனை வருடம் வரும் என்ற பயத்தில் நடையைக் குறைக்க வேண்டாம். இந்த மூட்டுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாக 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. நடை, சைக்கிள், காயம் முழுதாக ஆறியபின் நீச்சல் எல்லாம் ஆகும். ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். அவர் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இப்போது பத்து நிமிட நடையில் தொடங்கி, டேப் அளவு அனுமதிக்கும் வாரங்களில் மட்டும் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டினால், அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து அந்தத் தூரத்துக்கு அருகில் வந்துவிடுவார். அதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெறுங்காலில் நடக்க விரும்பினால் மொட்டைமாடியில் காலை நேரத்தில் பழகிக்கொள்ளட்டும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் வெறுங்கால் கூடாது. பௌர்ணமிக் கூட்டமும் கோடை வெயிலும் வேண்டாம். பனிக்காலத்தில் ஒரு சாதாரண நாளாகப் பார்த்து, விடிவதற்கு முன் கிளம்புங்கள். வழியில் இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். நான்காவதான நிருதி லிங்கம் வந்ததும் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் நடையைத் தொடரலாம். வீங்கி இறுகியிருந்தால் அங்கேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள், மீதி நான்கையும் அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.